உபரி என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தின் பொதுக்குழுவில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் 22 சென்ட் உபரி நிலமாம். விற்கத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

உபரி என்றால் தேவைக்கு மேல் இருப்பது. யாருடைய தேவைக்கு மேல்? இன்றைய நிர்வாகக் குழுவுக்கா, இருபது வருடம் கழித்து அங்கே படிக்க வரப்போகும் பிள்ளைகளுக்கா? அது சங்கம் சம்பாதித்து வாங்கிய இடமில்லை. தானமாக வந்தது. தானப் பத்திரத்தில் படிப்புக்கு என்றுதான் எழுதியிருக்கிறது, கூட்டத்தில் அதை யாரும் வாசிக்கவே இல்லை.

பொதுக்குழு ஒத்துக்கொண்டால் போதாதா என்கிறார்கள். கோயில் நிலத்தை அப்படி விற்க முடியுமா? 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி, கோயிலுக்கு அவசியம் அல்லது நன்மை என்று ஆணையர் அனுமதி தராவிட்டால் அந்த விற்பனையே செல்லாது. மகாராஷ்டிராவில் பொது அறக்கட்டளை எதுவானாலும் அறக்கொடை ஆணையரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், 1950லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. கொடுத்தவர் இன்று வந்து கேட்க முடியாது என்பதால்தானே இத்தனை காவல்? நம் சங்கத்தில் அந்தக் காவல் உறுப்பினர்கள்தான். நாம் கையைத் தூக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம்.

கூரை ஒழுகுகிறது, மறுக்கவில்லை. போன மழையில் நனைந்த புத்தகங்களைத் தரையில் பரப்பி மின்விசிறி போட்டு உலர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. அதற்காக நிலத்தையா விற்பது? குத்தகைக்கு விடலாமா என்று ஒருவராவது விசாரித்தீர்களா? சும்மா கிடந்தால் ஆக்கிரமித்துவிடுவார்கள் என்று பயம் இருந்தால் வேலி போடுங்கள்.

'வெளியூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கென்ன' என்று ஒருவர் கேட்டார். சரி, சொல்கிறேன். பெரியப்பா அந்தச் சங்கத்துக்குப் பல வருடம் செயலாளர். முழுப்பரீட்சை லீவில் என்னைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கல் பார்க்கப் போவார். நாலு மூலைக்கும் நடந்து, கல்லை மூடி வளர்ந்த எருக்கஞ்செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பார். ஒரு வருடம் வடகிழக்கு மூலைக் கல் ஒரு சாண் உள்ளே தள்ளி நட்டிருந்தது. அந்த ஒரு சாணுக்காக சர்வேயர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார், பஸ் காசைக்கூடச் சங்கக் கணக்கில் எழுதவில்லை. அந்த மனுஷன் ஒரு சாண் விட்டுக்கொடுக்காத இடத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கிறீர்கள், கேட்டால் நான் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறேனாம். கூட்டத்தில் எழுந்து பேசினபோது 'உட்காரும்மா' என்றார்கள். பெரியப்பா இருந்தால் யாருக்காவது அந்த வார்த்தை வந்திருக்குமா?

ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள், ஆத்திரம்தான். மறுநாள் காலை ஊருக்குக் கிளம்புமுன் அந்த வடகிழக்கு மூலைக்குப் போனேன். கல்லில் சிவப்புப் பெயின்ட்டால் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் மனை எண் எழுதியிருக்கிறார்கள். தீர்மானம் போட்டது முந்தின நாள் மாலை. பெயின்ட் வெளுத்து, அங்கங்கே உதிரவே ஆரம்பித்திருந்தது.