அது ரெக்கோடிங் இல்லை, ஐயாமாரே

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். இனியும் எழுதாவிட்டால் எனக்குத்தான் பிரஷர் ஏறும். எந்த வீடியோ என்று உங்களுக்கே தெரியும். கோயில் திருவிழா மேடையில் எங்கள் பெடியன் லப்டொப்பையும் சின்னக் கீபோர்ட்டையும் வைத்து வீணை வாசித்தது. அதற்குக் கீழே "பிளாஸ்டிக் வீணை", "ரெக்கோடிங்கைப் போட்டுவிட்டுக் கையை ஆட்டுறான்" என்று விழுந்த திருவாசகங்கள்.

அது ரெக்கோடிங் இல்லை. யாரோ வாசித்ததைச் சுரம் சுரமாகப் பதிந்து வைத்து, கட்டையை அழுத்தும்போது எடுத்துக் கொடுப்பது சாம்பிள். இவன் வைத்திருந்தது பிசிக்கல் மொடலிங். கம்பி எவ்வளவு விறைப்பு, எந்த இடத்தில் மீட்டுகிறோம், அதிர்வு எவ்வளவு கெதியாக அடங்கும், குடம் எப்படி முழங்கும் என்று கணக்கைக் கொடுத்தால் ஒலி அந்த நொடியில்தான் பிறக்கும். 1983இல் ஸ்டான்போர்டில் கார்ப்ளஸ், ஸ்ட்ரோங் என்ற இருவர் காட்டிய வழியைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு துண்டு இரைச்சலை எண்களாக்கி வளையத்தில் சுற்ற விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்து எண்கள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவார்கள். கூரான ஓசைகள் முதலில் சாகும், அடி ஓசை கடைசிவரை நிற்கும், மீட்டிய கம்பியில் நடப்பதுபோலவே. நொடிக்கு 44,100 எண்கள் ஓடும்போது வளையத்தின் நீளம் 441 எண்கள் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 100 அதிர்வு. வளையத்தைச் சுருக்கினால் சுருதி ஏறும், வீணையின் மெட்டுக் கட்டைகளில் விரலை நகர்த்துவது மாதிரி. இதிலிருந்து வளர்ந்த முறையில் 1994இலேயே யமஹா விஎல்1 என்று கீபோர்ட் விட்டது.

நல்ல சாம்பிள் என்றால் பல ஜிபி இறக்க வேண்டும். டொங்கிளில் டேட்டா போட்டு, சிக்னலுக்கு மாமரத்தடியில் நிற்கிறவனுக்கு அது கட்டுமா? அவன் எடுத்தது ஸ்ட்ரிங் ஸ்டூடியோ என்ற பிசிக்கல் மொடலிங் மென்பொருள். அதில் வீணையைக் கம்பி கம்பியாகத் தானே கட்டினான். கள்ளப் பிரதியாம். இல்லை, மாமா காசு கட்டினவர். அடுத்த ஆள் வாங்கோ.

"கமகம் வருமா?" சுரத்தை வளைத்து அசைக்கிறதைக் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. சாரணிக் கம்பியை விரலால் இழுக்கிற சுகம் கீபோர்ட்டில் சுருதியை வளைக்கிற பிச் வீலில் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர்களில் எத்தனை பேருக்குச் சாரணி எதுவென்று தெரியும்?

என் சின்னம்மாவுக்குத் தெரியும். கிளிநொச்சியில் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக் கொடுத்தவ. இடம்பெயரும்போது டிராக்டரில் அரிசி மூட்டைக்கு மேல் வீணை விசுவமடு வரை வந்தது. அங்கே நடக்கமுடியாத ஒரு கிழவிக்கு இடம் வேண்டியிருந்தது. சின்னம்மா கம்பிகளை மட்டும் கழற்றி வளையமாகச் சுற்றிப் பால்மா ரின்னுக்குள் போட்டுக்கொண்டு, வீணையைத் தறப்பாளால் மூடி ஒரு வேலியோரம் வைத்துவிட்டு வந்தா. ரின் இப்பவும் அலமாரியில் இருக்கிறது.

போன மாதம் இந்தப் பெடியன் அவவிடம் வந்து வாசித்துக் காட்டினான். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "தம்பி, அனுமந்தரக் கம்பி, அந்த அடிக்கம்பி, இவ்வளவு நேரம் கணீரெண்டு நிக்காது, கெதியா அடங்கும்" என்றா. அவன் ஒரு குமிழைத் திருகினான். "இன்னும் கொஞ்சம்." திருகினான். "ம்." அதற்குப் பிறகு அவ பேசவில்லை, தண்ணி கொண்டுவர எழும்பிப் போனா. ரெக்கோடிங்கில் இப்படித் திருத்திக் காட்டுங்கள் பார்ப்போம்.

அதே கோயிலில் பூசைக்கு மணியும் முரசும் அடிப்பது மோட்டார். பாட்டுக்குச் சுருதி கொடுப்பது மின்சாரப் பெட்டி. அவற்றுக்கு ஒருவரும் கொதிக்கவில்லை. பதினாறு வயதுப் பெடியன் என்றால்தான் பாரம்பரியம் ஞாபகம் வருகிறது, அதுவும் ரொரன்ரோவில் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்து. எங்கள் வீணைகள் எங்கே போயின என்று தெரிந்துகொண்டே "அசல் வீணை வாங்கத் தெரியாதா" என்று கேட்க எப்படி மனம் வந்தது?

நான் கோபத்தில் எழுதுகிறேன் என்பீர்கள். ஓம், கோபம்தான். அவன் நேற்று இரவு வீடியோவை அழித்துவிட்டான்.

அசல் வீணைதான் வேண்டும் என்று எழுதிய பதினொரு பேரும் சேர்ந்து ஒன்றை அனுப்புங்கள். மாங்குளம் சந்தி வரைக்கும் வந்தால் போதும், நான் மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொள்கிறேன். கம்பி தேவையில்லை.