நாலு முத்திரை இருந்தாலே வெள்ளியா?
கரண்டியின் பின்பக்கம் வரிசையாக நாலு முத்திரை இருந்தால் அசல் வெள்ளி என்று சொல்வது சரியில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பர்மிங்காம் ஊர்களில் வெள்ளி முலாம் பூசும் கம்பெனிகள் ஈ, பி, என், எஸ் என்ற எழுத்துகளைத் தனித்தனிக் கட்டங்களில் அடித்திருப்பார்கள், அவசரத்தில் பார்த்தால் ஹால்மார்க் மாதிரியே இருக்கும். நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் பூசியது என்பதுதான் அதற்கு அர்த்தம், அந்த நிக்கல் சில்வரிலோ வெள்ளி துளியும் கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான். இங்கிலாந்து வெள்ளி என்றால் முதலில் நடக்கும் சிங்க முத்திரையைத் தேடுங்கள். கிரீடத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள், பழைய ஷெஃபீல்டு ஹால்மார்க்கில் (1974 வரை) இருந்த அந்தக் குறியை 1890கள் வரை முலாம்காரர்களும் அடித்துக்கொண்டிருந்தார்கள். கொடிக்குள் டபிள்யூ, ஹெச் இருந்தால் அது வாக்கர் அண்ட் ஹால் என்ற ஷெஃபீல்டு கம்பெனியின் குறி. அப்புறம், பாலிஷ் போடுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள், தேய்க்கத் தேய்க்க முத்திரையும் மழுங்கும்.