'கேன்', 'கேன்ட்': கடைசி 'ட்' ஒலியை நம்ப வேண்டாம்
ஆங்கிலத்தில் 'கேன்' (can, முடியும்), 'கேன்ட்' (can't, முடியாது) இரண்டையும் காதால் பிரித்தறிய, கடைசியில் 'ட்' கேட்டால் 'முடியாது', கேட்காவிட்டால் 'முடியும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பேச்சில் இதை நம்ப முடியாது. வேகமாகப் பேசும்போது அந்த 'ட்' பெரும்பாலும் தொண்டையிலேயே நின்றுவிடும். வேறுபாடு அழுத்தத்தில்தான். 'ஐ கன் ஸ்விம்' என்பதில் 'கன்' மங்கி, அழுத்தம் 'ஸ்விம்' மேல் விழும். 'ஐ கேன்ட் ஸ்விம்' என்பதில் 'கேன்' தெளிவாக ஒலிக்கும். (பிரிட்டிஷார் 'கான்ட்' என்பதால் அங்கே குழப்பம் குறைவு.) 'யெஸ், ஐ கேன்' என்று பதில் அங்கேயே முடிந்தாலோ, 'முடியும்' என்பதை வலியுறுத்திச் சொன்னாலோ 'கேன்' மங்காது.

கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் 'can' என்ற சொல்லைத் தேடினால் அழுத்தமான, மெலிந்த உச்சரிப்புகள் இரண்டும் இருக்கும். யூடியூபில் அமெரிக்க உரையாடல் ஒன்றை 0.75 வேகத்தில், சப்டைட்டிலை மறைத்துக் கேட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.