குக்கர் விசில் மன்ஹாட்டனில் அடிக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். "வரி கட்ட இவ்வளவு வலிச்சா ஊருக்கே போயிட வேண்டியதுதானே தம்பி?" என்றார் அங்கே வந்திருந்த ஓர் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நான் வரி கட்ட மாட்டேன் என்று சொல்லவே இல்லை. உட்கார்ந்து வேலை பார்க்காத ஸ்டேட்டுக்கு ஏன் கட்டவேண்டும் என்றுதான் கேட்டேன்.

வீடு நியூஜெர்சியின் எடிசனில், ஆபீஸ் நியூயார்க்கின் மன்ஹாட்டனில். வாரத்தில் இரண்டு நாள் ரயில். மீதி மூன்று நாள் சமையலறையை ஒட்டிய மேசை. மீட்டிங்கில் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் கேட்காத ஆளில்லை. ஆனால் நியூயார்க் கணக்கில் அந்த மூன்று நாளும் நான் மன்ஹாட்டனில் இருக்கிறேன். கம்பெனியின் தேவைக்காக வீட்டில் இருந்தால் சரி, உன் வசதிக்காக இருந்தால் அது நியூயார்க் நாள். இதுதான் விதி.

"நியூஜெர்சி கிரெடிட் தருமே?" தரும், நியூயார்க்குக்குக் கட்டியதைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும். முதலில் நியூயார்க்குக்கு வெளி ஸ்டேட்காரர்கள் போடும் ஐ.டி.-203 ரிட்டர்ன், அப்புறம்தான் நியூஜெர்சி ரிட்டர்ன். இந்த வரிசை தெரியாமல் முதல் வருஷம் நியூஜெர்சியை முதலில் அனுப்பி, கிரெடிட் கட்டத்தைக் காலியாக விட்டு, இரண்டு பக்கமும் முழுசாக அழுதேன். என் தப்புதான். அப்போது இங்கே வந்திருந்த அம்மா, "ஒரே சம்பளத்துக்கு ரெண்டு இடத்துல தண்டமா?" என்று கேட்டாள். திருத்திய ரிட்டர்ன் போட்டுத்தான் பணம் திரும்ப வந்தது. அந்த கிரெடிட்டும் நியூஜெர்சி வரி அளவுக்குத்தான். நியூயார்க் அதற்குமேல் பிடித்தது போனது போனதுதான்.

"நியூயார்க் நகர வரி உனக்கு இல்லையே?" இல்லை. வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு 1999-லேயே எடுத்துவிட்டார்கள். விளக்கேற்றிக் கும்பிடட்டுமா?

பென்சில்வேனியாவுக்கு வேலைக்குப் போகும் என் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சம்பளத்தின் மீது ஸ்டேட் வரி நியூஜெர்சிக்கு மட்டும். அந்த இரண்டு ஸ்டேட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. நியூயார்க்கோடு இல்லை.

கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். எட்வர்ட் ஜெலின்ஸ்கி போனார். கனெக்டிகட்டில் வீடு, நியூயார்க்கில் சட்டப் பேராசிரியர் வேலை. 2003-இல் நியூயார்க் ஸ்டேட்டின் மிக உயர்ந்த கோர்ட்டில் தோற்றார். சட்டம் சொல்லிக்கொடுப்பவருக்கே அந்தக் கதி. 2023-இல் நியூஜெர்சி ஒரு சட்டம் போட்டது: நியூயார்க்கோடு வழக்காடி ஜெயித்துப் பணத்தை மீட்டு வந்தால் சலுகை உண்டாம். புலியைப் பிடித்து வா, கயிறு நான் தருகிறேன் என்கிற கதை.

ஊருக்குப் போகச் சொன்ன அண்ணனுக்கு ஒன்று. ஊரிலும் இரண்டு மாநிலத்தில் வாழ்ந்தவன்தான் நான். ஓசூரில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கர்நாடகம் மாதம் 200 ரூபாய் தொழில் வரி பிடித்தது, வருமான வரி மத்திய அரசுக்கு. ஒரே ரிட்டர்ன். நீங்கள் இருப்பது டெக்சாஸ் அண்ணே. அங்கே ஸ்டேட் வருமான வரியே கிடையாது. உங்களுக்கு எங்கே வலிக்கும்?

அவரையாவது விடலாம். சிரித்தவர்களில் மூன்று பேர் அந்த இரண்டு நாளும் என்னோடு அதே ரயிலில் வருகிறவர்கள். அதே ஐ.டி.-203 போடுகிறவர்கள். போன மார்ச்சில் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் போட்டு, எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று கேட்டவரும் அதில் ஒருவர். பாயசக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.