சித்தியின் இருபது நிமிடம்

வேலூரில், காட்பாடி ஸ்டேஷன் வாசலில் போன வாரம் சித்தியோடு நின்றிருந்தேன். பாகாயம் போக வேண்டும். ஷேர் ஆட்டோ வந்து நின்றது, இடமும் இருந்தது. சித்தி ஏறவில்லை. "டவுன் பஸ் வந்துடும்டா, இரு" என்றார். இருபது நிமிடம் ஆனது. ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பாக்கெட் பால் வாங்கலாம் என்பது அவர் கணக்கு.

மக்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்பதை இயந்திரக் கற்றல் மூலம், அதாவது பழைய தரவைப் பார்த்துக் கம்ப்யூட்டரே கற்றுக்கொள்ளும் மாடல்களால், கணிக்கும் முயற்சிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருபது நிமிடம்தான் ஞாபகம் வருகிறது. கட்டணம், நேரம், காத்திருப்பு எல்லாவற்றையும் கொடுத்தால் யார் எதில் ஏறுவார்கள் என்று மாடல் சொல்லிவிடும். கூடவே, ஒருவர் தன் ஒரு மணி நேரத்தை எத்தனை ரூபாயாக மதிக்கிறார் என்பதையும் அதிலிருந்து எடுப்பார்கள். அந்தக் கணக்கில் சித்தியின் நேரம் மலிவு. அவருக்கு நேரம் இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை, கையில் காசில்லை, அவ்வளவுதான். அதே எண்ணைப் பாலம் கட்டுவதா, பஸ் விடுவதா என்று முடிவு செய்யும் இடத்தில் அப்படியே போட்டால், கார்க்காரர் மிச்சம் பிடிக்கும் நேரம்தான் பெரிதாகத் தெரியும்.

கணிப்பே வீண் என்று சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1970களில் பார்ட் (BART) என்ற நகர ரயில் வந்தபோது வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் அதில் போவார்கள் என்றது அதிகாரபூர்வ மதிப்பீடு. பொருளாதார அறிஞர் டேனியல் மெக்ஃபாடன் 6.3 என்றார். வந்தது 6.2. பின்னாளில், 2000இல், நோபல் பரிசும் பெற்றார். ஒருவர் ஏன் ஒன்றை விட்டு இன்னொன்றைத் தேர்கிறார் என்ற காரணத்திலிருந்து தொடங்கியது அவர் முறை.

இன்றைய மாடல்கள் பலவற்றில் அந்த 'ஏன்' காணாமல் போகிறது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் வந்தது. 2019ஆம் வருடத் தரவில் பழகிய ஒரு ரேண்டம் ஃபாரஸ்ட் மாடலிடம் (பல முடிவு மரங்களின் பதில்களைச் சேர்த்துக் கணிக்கும் இயந்திரக் கற்றல் முறை அது) கட்டணம் பூஜ்யம் என்று கொடுத்துப் பாருங்கள். அது பார்த்ததிலேயே குறைந்த டிக்கெட்டுக்கு என்ன சொன்னதோ, அதையேதான் திருப்பிச் சொல்லும். தான் பார்த்த எல்லைக்கு வெளியே அதற்கு எட்டாது. சித்திக்கோ ஐந்து ரூபாய்க்கும் சும்மாவுக்கும் நடுவே மலையளவு வித்தியாசம்.

இன்னொன்று, இந்த மாடல்களுக்குத் தரவு திரட்டும் சர்வே வீடு வீடாகப் போகிறது. சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து வந்து சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் அதில் எங்கே வருவார்கள்? அந்தத் தெருக்களில் பாதிக் கூட்டம் அவர்கள்தான்.

அப்புறம், போகாத பயணம். எட்டு மணிக்கு மேல் பஸ்ஸை நம்ப முடியாது என்று சித்தி குடியாத்தத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மாலையில் கிளம்புவதையே விட்டுவிட்டார். எந்த டிக்கெட் மிஷினிலும் அது பதிவாகாது.

வேலூரில் இந்தத் தலைப்பில் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஒரு சாயங்காலம் காட்பாடி ஸ்டாப்பில் போய் நில்லுங்கள். ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு நிற்பவர்களை எண்ணுங்கள், ஏன் என்று கேளுங்கள். சித்தி இருந்தால் பதில் சொல்வார். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வார்.