டெட்ரா பேக் அடியில இருக்கற நம்பருக்கு என்ன அர்த்தம்?

பால் டெட்ரா பேக் அடியில 1, 2, 3னு ஒரு நம்பர் இருக்கும், அது அந்தப் பால் விக்காம திரும்பி வந்து எத்தனை தடவை மறுபடி காய்ச்சினாங்கங்கற கணக்குன்னு ஒரு மெசேஜ் வாட்ஸ்அப்ல சுத்துதே, சுத்தப் பொய்ங்க அது.

டெட்ரா பேக் 1951ல சுவீடன்ல லுண்ட் ஊர்ல ஆரம்பிச்ச கம்பெனி, அட்டை போட்டுக் குடுக்கறவங்க, பால் அவங்களோடது இல்ல. அந்த அட்டையை அகலமான ரோல்ல பக்கத்துல பக்கத்துல பிரிண்ட் பண்ணி அப்புறம் நீளநீளமா வெட்டுவாங்க, அதுல இது எத்தனையாவது வரிசைங்கறதுதான் அந்த நம்பர். பிரிண்ட்ல கோளாறு வந்தா எங்க வந்துச்சுன்னு பிடிக்க. பால் ஊத்தறதுக்கு முன்னாடியே, காலி அட்டையிலயே அது வந்துடும், அப்புறம் எப்படிங்க காய்ச்சின கணக்கு சொல்லும்?

அந்த மெசேஜ் எழுதினவர் யோசிச்சிருக்கலாம், திருட்டுத்தனம் பண்றவன் அதை நம்பர் போட்டு எழுதியா வைப்பான்?

மாசக்கணக்கா கெடாம இருக்கறது மருந்து கலந்து இல்ல, 135 டிகிரிக்கு மேல சில செகண்ட் சூடு பண்ணி உடனே ஆறவெச்சு, கிருமியில்லாத அட்டையில காத்து புகாம அடைக்கறதால. பிரிச்சிட்டா ஃபிரிட்ஜ்லதான் வெக்கணும். பார்க்க வேண்டியது எக்ஸ்பயரி தேதி.