சாவுச் செய்தியைக் கத்திச் சொன்ன வருடம்

2020-ல் எம்.டி. பொது மருத்துவம் என்ற மூன்று வருட முதுநிலைப் படிப்பில் சேர்ந்த பேட்ச் நாங்கள். கொரோனா காலத்துப் பயிற்சி மருத்துவர்களின் மனநலம் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் தொற்று பயத்தில் ஆரம்பிக்கிறார்கள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. முதல் இரண்டு வாரம். அப்புறம் பிபிஇ கிட் மாட்டுவதும் சட்டை மாட்டுவதும் ஒன்றாகிவிட்டது.

எங்களைத் தின்றது வார்டு ஃபோன்.

கோவிட் வார்டுக்குள் அட்டெண்டருக்கு அனுமதி இல்லை. கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் மகன் அல்லது மகளின் நம்பர் இருக்கும். "அப்பா சாப்பிட்டாரா சார்?" என்பதற்கும் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், மற்றதற்கும் நாங்கள்தான். ஃபோன் ஒரு ஜிப் கவருக்குள். முகத்தில் என்95, அதற்கு மேல் ஷீல்டு. சாதாரணமாகப் பேசினால் எதிர்முனையில் கேட்காது. "கேக்கல சார், சத்தமா சொல்லுங்க" என்பார்கள். ஆக, "அப்பா இறந்துட்டாரும்மா" என்பதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டிலில் ஆக்சிஜனோடு படுத்திருப்பவர் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்.

2021 மே மாதம், தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டிய அந்த வாரத்தில், ஒரே இரவில் ஆறு வீடுகளுக்கு அப்படிக் கத்தினேன். இதை எப்படிச் சொல்வதென்று எம்.பி.பி.எஸ்ஸில் எனக்கு ஒரு வகுப்புகூட நடந்ததில்லை. 2019-ல் வந்த பாடத்திட்டத்தில் 'ஏட்காம்' என்று, மருத்துவரின் நடத்தை, அறநெறி, பேசும் முறை பற்றிய பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் அதற்கு முந்தைய ஆட்கள்.

மெஸ்ஸில் "உனக்கு எத்தனை?" என்று ஸ்கோர் கேட்பது போலக் கேட்டுக்கொள்வோம். வெளியாள் யாராவது கேட்டிருந்தால் காறித் துப்பியிருப்பார்கள். அந்தக் கேள்வி இல்லையென்றால் எங்களுக்குச் சோறு இறங்கியிருக்காது.

நிர்வாகம் தன் பங்குக்கு மன அழுத்த வெபினார் வைத்தது. நைட் டியூட்டி முடித்தவர்களுக்கும் வருகை கட்டாயம். "மூச்சை ஆழமா இழுங்க" என்றார் அதில் பேச வந்த அம்மா. கேமராவை அணைத்துவிட்டு நான் தூங்கினேன். அந்த வகையில் பயனுள்ள நிகழ்ச்சிதான்.

கவுன்சலிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள் போடாமல் கவுன்சலிங் மட்டும் கொடுப்பதைத்தான் சொல்கிறேன். 2021 ஏப்ரல் 18-ல் நடக்க வேண்டிய நீட் பிஜி, அதாவது முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு, செப்டம்பர் 11-ல்தான் நடந்தது. கலந்தாய்வு வழக்கில் சிக்கி 2022 ஜனவரிக்குப் போனது. இதற்கிடையில் சீனியர்கள் படிப்பை முடித்துக் கிளம்பிவிட்டார்கள், ஜூனியர்கள் வரவே இல்லை. மூன்று பேட்ச் வேலை இரண்டு பேட்ச் தலையில் விழுந்தது. இரண்டாம் வருடத்திலும் ரத்தம் எடுப்பது, டிஸ்சார்ஜ் எழுதுவது எல்லாம் நாங்களேதான். நாடே கைதட்டியது, ஹெலிகாப்டரில் பூத்தூவினார்கள். சரி, டியூட்டி ரோஸ்டரில் ஒரு பெயர் கூடியதா? 36 மணி நேரம் விழித்திருப்பவனிடம் மன உறுதி பற்றிப் பேசுவதைவிட அவனைப் படுக்கவிடுவது மலிவு.

அந்த மே மாதத்தில் எனக்கு உருப்படியாக உதவியவர் எங்கள் யூனிட் உதவிப் பேராசிரியர் ஒருவர்தான். இரவு இரண்டு மணிக்கு என் கையிலிருந்த ஃபோனை வாங்கிக்கொண்டார். "நீ போய்க் கிட்டைக் கழட்டித் தண்ணி குடி. இந்த மூணு வீட்டுக்கும் நான் பேசுறேன்."

கிட்டைக் கழற்றும் டாஃபிங் அறையில் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கதவைத் தாண்டி அவர் கத்துவது கேட்டது. இரண்டாவது வீட்டுக்குப் பேசும்போது குரல் உடைந்தது. மறுமுனையில் கேட்கவில்லை போல. அதே வார்த்தையை மறுபடியும் சொன்னார்.